பொய் நிச்சயதார்த்தம் வச்சு ரீஜன்சி காதல் கதை எழுதுறது எப்படி (படிக்கிறவங்க கடுப்பாகாம)

போன வாரம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண்ணு எரிய எரிய ஒரு ஹிஸ்டாரிக்கல் ரொமான்ஸ் படிச்சு முடிச்சேன். 1814 லண்டன், ஒரு ட்யூக் (ராஜ குடும்பத்துக்கு அடுத்த பெரிய பிரபு), இருபத்தாறு வயசாகியும் கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணு, ரெண்டு பேரும் ஊருக்காக நிச்சயம் ஆன மாதிரி நடிக்கிறாங்க. இந்த ப்ளாட்னா எனக்கு உயிரு. முதல் நாப்பது பக்கம் பறந்துச்சு, அப்புறம் பலூன்ல ஊசி குத்துன மாதிரி புஸ்ஸுனு போயிடுச்சு. பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா இது அந்த ஒரு புக்கோட வியாதி மட்டும் கிடையாது, இதே மாதிரி குறைஞ்சது பத்து படிச்சிருக்கேன், நானே ஒண்ணு எழுத ஆரம்பிச்சு பதினோராவது சாப்டர்ல மூடி வச்சிருக்கேன். அதனால எங்க ஓட்டை விழுதுன்னு கொஞ்சம் தெரியும். எழுதலாம்னு இருக்கிறவங்களுக்கு உதவட்டும்னு இதைப் போடுறேன்.

மூல காரணத்தை முதல்லயே சொல்லிடுறேன். அந்தக் காலத்து இங்கிலாந்துல பொய் நிச்சயம்னு ஒண்ணு இருக்கவே முடியாது. ரெண்டு பேரு மனசுக்குள்ள அது பொய்யா இருக்கலாம், ஆனா நாலு பேரு முன்னாடி வாயைத் திறந்து சொல்லிட்டா ஊரு, குடும்பம், கடன்காரன், கோர்ட்டு எல்லாத்துக்கும் அது நிஜம்தான். அப்போ இந்தப் பொய்க்கு யாரோ ஒருத்தர் விலை கொடுத்தே ஆகணும். சொதப்புற நாவல்கள்ல எல்லாம் அந்த விலை சைபர். ட்யூக் ஜாலியா நடிக்கிறாரு, அவ ஜாலியா நடிக்கிறா, முடியும்போது "சரி, சேர்ந்து வரல"ன்னு சொல்லிட்டுப் போயிடலாம்னு ப்ளான். இது இப்போ காலேஜ் பசங்க பண்ற பந்தயம் மாதிரி இருக்கே தவிர 1814 மாதிரி இல்ல, மேல கவுனை மாட்டிவிட்டா மட்டும் ஹிஸ்டாரிக்கல் ஆயிடாது.

அதனால எழுத உட்காரும் முன்னாடி சட்டத்தை ஒரு தடவை பாருங்க. போர் அடிக்காது, நிஜமாவே ப்ளாட்டுக்குத் தேவையான பாதி அங்கதான் இருக்கு.

ரீஜன்சின்னு சொல்றது 1811 பிப்ரவரில இருந்து 1820 ஜனவரி வரைக்கும், மூணாம் ஜார்ஜ் ராஜாவுக்கு உடம்பு முடியாம அவரு பையன் ரீஜன்ட்டா, அதாவது ராஜாவுக்குப் பதிலா ஆளுறவரா இருந்த ஒன்பது வருஷம். அப்போ கல்யாணத்தை ஆண்டுகிட்டிருந்தது 1753ல போட்ட ஹார்ட்விக் சட்டம். அதுக்கு முன்னாடி வாக்கு கொடுத்துட்டு மாறுனவனை சர்ச் கோர்ட்டுக்கு இழுத்து "கட்டு தாலியை"ங்கிற கணக்குல கட்டாயப்படுத்த வழி இருந்துச்சு, இந்தச் சட்டம் அதை எடுத்துடுச்சு. ஆனா வாக்கு தவறினதுக்கு நஷ்ட ஈடு கேட்டு சாதா கோர்ட்ல கேஸ் போடுறது மட்டும் அப்படியே நின்னுச்சு, 1970ல பார்லிமென்ட் சட்டம் போட்டு தூக்குற வரைக்கும். நிச்சயம்னா ஒப்பந்தம். ரெண்டு பேரும் பரஸ்பரம் வாக்கு கொடுத்தா முடிஞ்சது, மோதிரம் வேணாம், கையெழுத்து வேணாம். ஆம்பளையும் கேஸ் போடலாம், ஆனா அவனைப் பாத்து ஊரே சிரிக்கும். நடைமுறைல பொண்ணு தரப்புதான் போடுவாங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அந்த மாதிரி கேஸ்ல வாதியும் பிரதிவாதியும் கூண்டுல ஏறி சாட்சி சொல்ல முடியாது, 1869 வரைக்கும் அதான் விதி. யோசிச்சுப் பாருங்க, "ஐயா இது வெறும் நடிப்பு, எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்"னு ஜூரிகிட்ட சொல்ல வேண்டிய அந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் அங்க வாய் கிடையாது. சாட்சி சொல்றது யாருன்னா வேலைக்காரி, அத்தை, டான்ஸ்ல பாத்தவங்க, அதோட அந்த ஜோடி எழுதிகிட்ட லெட்டர். அவங்க எல்லாருமே நிச்சயம் நிஜம்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அவங்களை அப்படி நம்ப வைக்கத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டு நடிச்சீங்க! எவ்வளவு நல்லா நடிக்கிறாங்களோ அவ்வளவு இறுக்கமா மாட்டுவாங்க. இதை விட நல்ல ப்ளாட் மெஷினை நீங்களா உட்கார்ந்து யோசிச்சாலும் கிடைக்காது.

இதுல இருந்து இன்னொண்ணு வருது. இந்த மாதிரி கதைகள்ல ரெண்டு பேரும் ஒரு பேப்பர்ல ரூல்ஸ் எழுதுவாங்க பாத்திருப்பீங்க, முத்தம் கிடையாது, ஆறு வாரம்தான், காதல்ல விழக்கூடாது, அந்த மாதிரி. பெரும்பாலும் அது சும்மா க்யூட்டா இருக்கும், அதோட சரி. ஆனா மேல சொன்ன விதியோட வச்சுப் பாருங்க, இது நடிப்புன்னு காட்டுறதுக்கு உலகத்துலயே இருக்கிற ஒரே ஆதாரம் அந்தப் பேப்பர். வச்சிருந்தா யாராவது கண்டுபிடிச்சு அவ மானம் போகும், எரிச்சுட்டா அவன் தப்பிக்க வழி இல்ல. அதை யாரு வச்சிருக்கா, எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு நீங்க முடிவு பண்ணின உடனே உங்களுக்கு மூணு சீன் தானா கிடைச்சுடும்.

யாரு முறிக்கலாம், யாரு முறிக்கக் கூடாது

நாகரிகமான ஆம்பளை நிச்சயத்தை முறிக்கவே கூடாது. முறிச்சா அவன் ஜென்டில்மேனே இல்ல, முடிஞ்சுது. பொண்ணு முறிக்கலாம், அந்த ஒரு உரிமை அவளுக்கு உண்டு, ஆனா அதுக்கப்புறம் "ஆம்பளையை ஏமாத்திட்டு ஓடினவ"ங்கிற பேரு ஒட்டிக்கும், அடுத்த வரன் வர்றது கஷ்டம். அதனால அவங்க ப்ளான்ல "கடைசில நீ என்னை வேணாம்னு சொல்லிடு"ன்னு ஹீரோ சொல்றது பெருந்தன்மை மாதிரி தெரியும், உண்மைல அவன் செலவு முழுசையும் அவ தலைல கட்டுறான். இது ஹீரோவுக்குத் தெரியாம இருக்கலாம், ரைட்டருக்குத் தெரியாம இருக்கக் கூடாது. நான் போன வாரம் படிச்ச ரைட்டருக்குத் தெரியல, முந்நூறு பக்கத்துக்கு அந்தப் பொண்ணு ஒரு தடவை கூட அதைப் பத்தி யோசிக்கல.

நிஜத்துல நடந்தது ரெண்டு சொல்றேன், அளவுகோல் மாதிரி வச்சுக்கலாம். அந்தக் காலத்து நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1802 டிசம்பர் 2ஆம் தேதி மேனிடவுன் பார்க்னு ஒரு பெரிய வீட்ல ஹாரிஸ் பிக்-விதர்ங்கிறவருக்குச் சரின்னு சொன்னாங்க. அவருக்கு வயசு இருபத்தொண்ணு, சொத்துக்கு வாரிசு. இவங்களுக்கு இருபத்தேழு ஆக ரெண்டு வாரம்தான் பாக்கி, கைல காசு கிடையாது. அவரோட அக்காங்க எல்லாம் இவங்க ஃப்ரெண்ட்ஸ். ராத்திரி சரின்னு சொன்னவங்க காலைல எழுந்து முடியாதுன்னுட்டாங்க. ஒரே ராத்திரி, ஒரு வீட்டுக்குள்ள நடந்த விஷயம், ஆனாலும் அதுக்கு மேல அந்த வீட்ல இருக்க முடியல, அக்காவைக் கூட்டிட்டு உடனே கிளம்பிட்டாங்க. இன்னொண்ணு அதே ரீஜன்ட்டோட பொண்ணு இளவரசி சார்லட், 1814 ஜூன்ல நெதர்லாந்து ராஜ குடும்பத்து ஆரஞ்சு இளவரசனோட நிச்சயத்தை முறிச்சாங்க. அப்பா ஜூலைல அவங்களைச் சுத்தி இருந்த ஆளுங்க எல்லாரையும் வேலையை விட்டு அனுப்ப, இந்தப் பொண்ணு தெருவுல இறங்கி ஓடி வாடகை வண்டி பிடிச்சு அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. திரும்பக் கூட்டிட்டு வந்து விண்ட்சர் பக்கம் ஒரு வீட்ல காவல்ல வச்சாங்க. பின்னாடி ராணியாக வேண்டிய பொண்ணுக்கே இந்தக் கதி. உங்க ஹீரோயின் யாரோ ஒரு பாதிரியாரோட மூணாவது பொண்ணு, அவ மட்டும் எப்படி சிரிச்சுகிட்டே முறிச்சுட்டு அடுத்த டான்ஸுக்குப் போறா?

ஆம்பளை பக்கம் பாக்கணும்னா 1811ல வந்த ஆஸ்டின் நாவல் "சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி" போதும். எட்வர்ட் சின்ன வயசுல ரகசியமா நிச்சயம் பண்ணிகிட்ட பொண்ணு மேல இப்போ பிரியம் இல்ல, அம்மா சொத்தைப் பிடுங்கிடுறாங்க, அப்பவும் வாக்கு மாற மாட்டேங்குறான். அவளா விட்டுட்டுப் போனாத்தான் அவனுக்கு விடுதலை. அதே புக்ல மேரியன் ஒருத்தனுக்கு லெட்டர் எழுதுறதைப் பாத்த உடனே அவ அக்கா, அப்போ நிச்சயம் ஆயிடுச்சு போலன்னு முடிவு பண்ணிடுவா. ஏன்னா நிச்சயம் ஆகாத பொண்ணு ஆம்பளைக்கு லெட்டர் போட மாட்டா. அதாவது லெட்டரே ஒரு ஆதாரம். உங்க கதைல ஹீரோ ஹீரோயின் மூணாவது சாப்டர்லயே துண்டுச் சீட்டு மாத்திக்கிட்டா அதை யாராவது பாக்கணும், பாத்தா ஏதாவது நடக்கணும்.

காரணத்தைக் கட்டுறது

"என்ன காரணத்துக்காக நடிக்கிறாங்க"ங்கிறதுல நம்ம ஆளுங்க சுலபமா விட்டுடுறாங்க. அம்மா கல்யாணம் பண்ணிக்கோன்னு தொல்லை பண்றாங்க, அதுக்காக நடிக்கிறான் ட்யூக். ட்யூக் ஐயா, இங்கிலாந்து முழுக்க ட்யூக்குங்களே ஒரு ஹால்ல உட்கார வைக்கிற அளவுதான் இருந்தாங்க, அதுல ஒருத்தர் நீங்க, அம்மா தொல்லை தாங்கலைன்னா வேற மாளிகைக்குப் போங்களேன். தொல்லைங்கிறது காரணமே இல்ல. ரெண்டு பேருக்கும் தனித்தனிக் காரணம் வேணும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதணும், அதுல ஒண்ணை ஒருத்தர் மறைக்கணும்.

வெறும் தியரியா பேசாம ஒண்ணைக் கட்டிக் காட்டுறேன். 1815 நவம்பர். ஹானா ஃபேர்லி, வயசு இருபத்து மூணு, கல்யாணம் ஆகும்போது அவ பேருல 5,000 பவுண்டு வரும். தங்கச்சிக்கு ஜனவரில கல்யாணம், மாப்பிள்ளை வீடு பயங்கர கறார். தாமஸ்னு ஒரு நேவி லெஃப்டினன்ட், சண்டை முடிஞ்சு அரைச் சம்பளத்துல வீட்ல உட்கார்ந்திருக்கிறவன் (நெப்போலியன் சண்டை முடிஞ்சதும் இந்த மாதிரி ஆயிரக்கணக்குல இருந்தாங்க, யாருமே இவங்களை ஹீரோவாக்க மாட்டேங்குறாங்க, என்ன பாவம் பண்ணாங்களோ). ஒரு வண்டில ஹானாவோட அத்தை வரவேண்டியது, வரல, தாமஸ் கூட வந்தான், வழில வண்டி கவுந்துடுச்சு, ஊருக்கு வந்து சேர அஞ்சு மணி நேரம். நவம்பர்ல அங்க சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும். இந்தச் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா தங்கச்சி கல்யாணம் நிக்கும். அதனால நிச்சயம்னு சொல்லிடுறாங்க, தங்கச்சி கல்யாணம் முடிஞ்சதும் ஹானா முறிச்சுக்கிறதா பேச்சு.

இது அவ காரணம், அவளுக்கு விலையும் இருக்கு. அவன் எதுக்கு ஒத்துக்கிறான்? நல்லவன்னு விட்டுடாதீங்க, அங்கதான் கதை செத்துப் போகும். தாமஸ் கூட கப்பல்ல இருந்த ஃப்ரெண்டுக்காக 600 பவுண்டுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கான், ஃப்ரெண்டு செத்துட்டான், கடன் இவன் தலைல. அப்போ கடன் கட்டலைன்னா ஜெயில்தான், லண்டன்ல மார்ஷல்சீ, ஃப்ளீட், கிங்ஸ் பெஞ்ச்னு கடன் கட்டாதவங்களை அடைக்கன்னே ஜெயில் இருந்துச்சு. தனியா எழுதி ஏற்பாடு பண்ணலைன்னா பொண்டாட்டி கைல வர்ற காசு சட்டப்படி புருஷனோடது. அதனால 5,000 பவுண்டு பொண்ணோட நிச்சயம்னு காதுல விழுந்த உடனே கடன் கொடுத்தவங்க எல்லாம் "அவசரம் இல்ல சார், கல்யாணம் முடியட்டும்"னு பல்லைக் காட்டுறாங்க. அவன் வாயைத் திறந்து பொய் சொல்லல, அவங்களா நினைச்சுக்கிட்டாங்க, இவன் திருத்தல. ஹானாகிட்டயும் சொல்லல.

இப்போ பாருங்க, அவ முறிக்கிற அன்னிக்கு அவன் ஜெயிலுக்குப் போவான். அவளுக்கு அது தெரியாது. தெரிஞ்சதும், இவன் ஆரம்பத்துல இருந்தே என் காசைக் காட்டித்தான் பொழச்சானான்னு கேட்பா, அந்தக் கேள்வில பாதி நியாயம் இருக்கு. கதவுக்குப் பின்னாடி நின்னு பாதிப் பேச்சைக் கேட்டு அழுதுகிட்டே ஓடுற கொடுமை உங்களுக்குத் தேவையே படாது. போன வார நாவல்ல அதான் நடந்துச்சு, ட்யூக் யார்கிட்டயோ "அவ எனக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்றான், அவ கேட்டுட்டு அறுபது பக்கத்துக்குப் பேசாம இருக்கா. ஒரு டம்ளர் தண்ணியைக் குடிச்சுட்டு ரெண்டு பேரும் எதிர்ல உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினா தீர்ற பிரச்சினையை க்ளைமாக்ஸ்னு வச்சா எரிச்சல்தான் வரும். டெஸ்ட் இதுதான்: ரெண்டு பேரையும் ஒரு ரூம்ல பூட்டி மனசு விட்டுப் பேச வைங்க. பேசினதும் பிரச்சினை இன்னும் பெருசாச்சுன்னா நீங்க சரியான ரூட்ல இருக்கீங்க.

பொய் சொல்ற அந்த சீன்

எல்லாக் கதையும் நிக்கிறது இந்த ஒரு சீன்லதான், இதை மட்டும் நாலு தடவை மாத்தி எழுதுங்க, தப்பே இல்ல. வழக்கமா வர்றது இப்படி இருக்கும்:

"இவள் என் வருங்கால மனைவி!" என்று ட்யூக் கர்ஜித்தார். அறையே ஸ்தம்பித்தது. அவள் இதயம் படபடத்தது.

கர்ஜிக்கிறாரு, சிங்கம் மாதிரி. இதுல அவளுக்கு என்ன ஆச்சுன்னு ஒண்ணுமே தெரியல, இதயம் படபடக்கிறதை விட்டா. நான் ஹானா கதைக்கு எழுதிப் பாத்தது இது:

"வண்டி எத்தனை மணிக்குக் கவுந்தது?" மிஸஸ் க்ரோவ் டீயைக் கலக்கிக்கிட்டே கேட்டாங்க.

"நாலு மணிக்கு."

"வந்து சேந்தது ஒன்பதுக்கு."

யாரும் பேசல. ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. தாமஸ் கப்பைக் கீழ வச்சான். "மிஸ் ஃபேர்லி சொல்லத் தயங்குறாங்க. நாங்க ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு அவங்க அப்பாகிட்ட பேசலாம்னு இருந்தோம்."

நாங்க. ஹானா அந்த வார்த்தையைத் திரும்ப மனசுக்குள்ள சொல்லிப் பாத்தா. அவளைக் கேக்காமலே அவளை அதுக்குள்ள உட்கார வச்சாச்சு. தங்கச்சி அந்தப் பக்கம் இருந்து அவளைப் பாத்துக்கிட்டிருந்தா.

"ஆமா"ன்னா ஹானா.

இதுல யாரும் கத்தல, ஆனா அந்த "ஆமா" சொன்ன நிமிஷமே பரஸ்பர வாக்கு ஆகிப்போச்சு, சாட்சிக்கு டீ குடிச்சுகிட்டு ஒரு ரூம் நிறைய ஆளுங்க. நான் சொன்ன சட்டம் எல்லாம் இங்க ஒரு வரி கூட வரல, ஆனா கீழ வேலை செஞ்சுகிட்டிருக்கு. சட்டத்தைப் படிங்கன்னு சொன்னது இதுக்குத்தான், பாத்திரங்க வாயில லெக்சர் வைக்கிறதுக்கு இல்ல.

தமிழ்ல எழுதுறதுல நமக்கு ஒரு லாபம் இருக்கு, நிறைய பேரு அதை வீணாக்குறாங்க. நீ, நீங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ் ஆளுங்களுக்கு அன்றாடப் பேச்சுல இந்த வித்தியாசம் கிடையாது, பேரு சொல்லிக் கூப்பிடுறதை வச்சுத்தான் நெருக்கத்தைக் காட்டுவாங்க, மிஸ் ஃபேர்லி எப்போ ஹானா ஆகுறாங்கிறதே பெரிய சம்பவம். நம்மகிட்ட ரெண்டு படி இருக்கு. நிச்சயம்னு ஊருக்குச் சொன்னப்புறம் ஆளுங்க முன்னாடி "ஹானா"ன்னு கூப்பிடட்டும், ஆனா "நீங்க" மாறக் கூடாது. தனியா இருக்கும்போது திரும்ப மிஸ் ஃபேர்லி. அப்புறம் ஒரு நாள் யாருமே இல்லாத இடத்துல, நடிக்க வேண்டிய தேவையே இல்லாத இடத்துல, வாய் தவறி "ஹானா, நீ போ, மழை வருது"ன்னு வந்துடணும். ரெண்டு பேரும் கவனிக்கணும், ரெண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருக்கணும். முத்தத்தை விட இது வேலை செய்யும், நான் கேரண்டி. முதல் சாப்டர்லயே ட்யூக் "அடி பெண்ணே"ன்னு ஆரம்பிச்சா இந்தப் படி எல்லாம் கோவிந்தா. அதே மாதிரி ட்யூக்கை யாரும் மை லார்ட்னு கூப்பிட மாட்டாங்க, பொதுவா யுவர் கிரேஸ்தான்.

நடுப் பகுதில கதை தொய்யும், எல்லாருக்கும் தொய்யும். அங்க டான்ஸ், பிக்னிக், டான்ஸ்னு ரொப்பாதீங்க. நிச்சயம்னா அடுத்து கல்யாணத்தை நோக்கித் தள்ளுற ஒரு மெஷின் ஓட ஆரம்பிக்கும், அதை ஓட விடுங்க. அப்பா வக்கீலைக் கூப்பிட்டு செட்டில்மென்ட் எழுத உட்காருவாரு, அவளோட கைச்செலவுக்கு வருஷத்துக்கு எவ்வளவு, அவன் செத்தா அவளுக்கு எவ்வளவுன்னு ஒவ்வொண்ணா. தாமஸோட கடன் வெளிய வர்ற இடம் அதுதான், வில்லனே வேணாம், வக்கீல் ஒரு கேள்வி கேட்டா போதும். அம்மா பாதிரியார்கிட்ட போய் பேரைக் கொடுத்துட்டு வந்துடுவாங்க, மூணு ஞாயித்துக்கிழமை சர்ச்ல சத்தமா வாசிப்பாங்க, யாருக்காவது ஆட்சேபணை இருக்கான்னு கேட்பாங்க. முதல் ஞாயிறு ஹானா பென்ச்ல உட்கார்ந்து தன் பேரு ஒலிக்கிறதைக் கேக்குறா, பக்கத்துல அவன். ஆட்சேபணை சொல்ல வேண்டியது அவங்க ரெண்டு பேருதான், ரெண்டு பேரும் ஜெபப் புக்கைப் பாத்துக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு வேணும்ங்கிற டென்ஷன் மொத்தமும் அந்த மூணு வாரத்துல இருக்கு, இதை விட்டுட்டு எதுக்கு கொள்ளைக்காரன் வந்து வண்டியை மறிக்கணும்? சிறப்பு லைசென்ஸ்னு ஒண்ணை (எங்க வேணா, எப்போ வேணா கல்யாணம் பண்ணிக்க அனுமதி) பாக்கெட்ல இருந்து எடுத்து ராத்திரி பத்து மணிக்குத் தோட்டத்துல தாலி கட்டுற மாதிரி வைக்கிறாங்களே, அதைக் கொடுக்க கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஒருத்தராலதான் முடியும், பெரிய குடும்பத்து ஆளுங்களுக்குத்தான் கிடைக்கும். மத்தவங்களுக்கு சர்ச், அதுவும் காலைல எட்டுல இருந்து பன்னெண்டுக்குள்ள.

சின்னச் சின்ன உண்மைகள்

இதைப் பத்தி அதிகம் பயப்பட வேணாம், நாலஞ்சு இடத்துல மட்டும் கவனமா இருங்க. தீக்குச்சி உரசிப் பத்த வைக்கிறது 1827க்கு அப்புறம்தான், 1814ல ஹீரோ குச்சியை உரசினா நான் அங்கயே புக்கை மூடிடுவேன். நிச்சயத்துக்கு வைர மோதிரம் கட்டாயம்ங்கிறதெல்லாம் பின்னாடி வந்த பழக்கம், அப்போ முடியில ஒரு சுருள் வெட்டிக் கொடுக்கிறது பெரிய விஷயம். கல்லுங்களோட இங்கிலீஷ் பேருல முதல் எழுத்தைச் சேத்துப் படிச்சா ஒரு வார்த்தை வர்ற மாதிரி மோதிரம் எல்லாம் இருந்துச்சு, ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், ரூபி, டைமண்ட்னு வரிசையா வச்சா ரிகார்ட்னு வரும், அதாவது உன் மேல மதிப்பு இருக்குன்னு அர்த்தம். பொய் நிச்சயத்துக்குப் பொய்க் கல்லு வச்சு இப்படி ஒரு மோதிரம், யாராவது எழுதுங்கப்பா. லண்டன்ல ஆல்மாக்ஸ் ஹால்ல புதன்கிழமைதான் டான்ஸ், அதை நடத்துற பெரிய வீட்டு அம்மாங்க கொடுக்கிற சீட்டு இல்லாம உள்ள விட மாட்டாங்க, பதினோரு மணிக்குக் கதவு சாத்திடுவாங்க.

1816 கோடைக்காலத்துல கதை வச்சா வெயில்ல பிக்னிக் போடாதீங்க. 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சதுல அடுத்த வருஷம் மேற்கு ஐரோப்பாவுல கோடையே வரல, ஒரே மழை, குளிர், பயிர் எல்லாம் போச்சு. இந்த வருஷத்துல கதை வச்சு பட்டாம்பூச்சி பறக்க விட்ட நாவலை நான் படிச்சிருக்கேன். மழையை வச்சுக்கோங்களேன், ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள அடைச்சுப் போட இயற்கையே வழி பண்ணிக் கொடுக்குது.

முடிவு. இதுலதான் நான் எழுதினதும் படுத்துச்சு. காதல்னு தெரிஞ்சுடுச்சு, அப்போ நிச்சயம் நிஜமாயிடுச்சு, சுபம்னு நேரா போனா சப்புனு இருக்கும். பொய்யை முதல்ல முறிச்சுட்டு அப்புறம் நிஜத்தைத் தொடங்கணும், அந்த நடுவுல ரெண்டு பேரும் நிஜமாவே இழக்கணும். ஹானா கதைல நான் வச்சிருக்கிறது: தங்கச்சி கல்யாணம் முடிஞ்சாச்சு, கடன் விஷயமும் ஹானாவுக்குத் தெரிஞ்சாச்சு. இப்போ அவ முறிக்க வேணாம்னு தாமஸ் கெஞ்சினா அது காசுக்கா காதலுக்கான்னு அவளுக்கும் தெரியாது, அவனுக்கே கூட சுத்தமா தெரியாது. அதனால அவன் முறிக்கச் சொல்றான். மூணாவது ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி, லெட்டர் போடுங்க, அப்பதான் கணக்கு தீரும்னு. சொல்லிட்டு லண்டன் போயிடுறான், கடன்காரங்ககிட்ட அவனே போய் கல்யாணம் இல்லைன்னு சொல்றதுக்கு.

அப்போ லெட்டருக்கான காசு அனுப்புறவங்க தர்றது இல்ல, வாங்குறவங்கதான் தரணும், 1840ல பென்னி போஸ்ட் வர்ற வரைக்கும் அப்படித்தான் வழக்கம். தூரத்துக்குத் தகுந்த மாதிரி, தாள் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி. ரெண்டு தாள்னா ரெட்டிப்பு. வாசல்ல தபால்காரன் நிக்கிறான், தாமஸ் பாக்கெட்டைத் தடவி பென்னியா எண்ணி எடுக்குறான். முறிக்கிறதுக்கு ஒரு தாளே அதிகம், ரெண்டு வரி போதும். தபால்காரன் ரெண்டு தாளுக்குக் காசு கேக்குறான்.